கல்லெறிந்த கை



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெபத்துக்கென்று வரிசையில் நிற்கிற தாய்மாரிடம் அடிக்கடி கேட்கிற விண்ணப்பம் ஒன்று உண்டு. "பையன் ஒன்பதாவது படிக்கிறான் பாஸ்டர். சொன்ன பேச்சே கேக்கறதில்ல. ஸ்கூல்ல டீச்சருங்களை எதுத்துப் பேசறானாம். ஹெச்.எம். கூப்பிட்டு விட்டிருக்காங்க. அவன் கீழ்ப்படியணும்னு ஜெபிச்சுக்கோங்க." கண்ணீரோடு சொல்லுகிறார்கள். ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் எதைக் கேட்டு ஜெபிக்கிறோம் என்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் பெரியவர்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறோமா, அல்லது அவன் உள்ளம் பெரியவர்களிடத்தில் திரும்ப வேண்டும் என்று கேட்கிறோமா? முதலாவதற்கு ஒரு பிரம்பு போதும். இரண்டாவதற்குப் பெரியவர்களாகிய நாமும் ஏதாவது செய்தாக வேண்டும்.

நம்முடைய பகுதியின் நிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா மறைமலை நகரிலோ ஒரகடத்திலோ கம்பெனியில் ஷிப்ட். அம்மா தாம்பரம் சானட்டோரியம் மெப்ஸில் வேலை. இரண்டு பேரும் வீடு வந்து சேர ராத்திரி எட்டு மணி ஆகிவிடுகிறது. காலையில் டிபன் பாக்ஸை நீட்டும்போது ஒரு பேச்சு, ராத்திரி சாப்பாட்டில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சும் "ஹோம் வொர்க் முடிச்சியா?" என்பதற்கு மேல் போகிறதில்லை. அப்படியானால் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை விழித்திருக்கிற நேரத்தில் அதிகமாகப் பார்க்கிற பெரியவர்கள் யார்? பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்கள்தான். கணக்கு வாத்தியாரைப் பற்றி அவன் மனதில் எழுதி வைத்திருப்பதுதான் பெரும்பாலும் பெரியவர்கள் எல்லோரையும் பற்றி எழுதி வைத்திருப்பது. நாளைக்கு ஊழியரைப் பார்க்கும்போதும் அதே கண்ணோடுதான் பார்ப்பான். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: பரலோகப் பிதா என்று நாம் சொல்லிக் கொடுக்கும்போது, அவன் முன்னே பார்த்த பெரியவர்களின் முகம்தான் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது.

ஆகையால் இது ஹெச்.எம். அறையோடு முடிகிற விஷயம் இல்லை.

மூத்தவர்கள் உடனே சொல்லுவார்கள்: "எங்க காலத்துல இப்படியா இருந்துச்சு? அப்பா எங்களைக் கொண்டு போய் விடும்போதே 'கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்'னு சொல்லிட்டுத்தான் வருவார். இப்ப வாத்தியார் கையைக் கட்டிப் போட்டுட்டாங்க." கட்டிப் போட்டது உண்மைதான். தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தார்கள். 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடலை வருத்துகிற தண்டனையோடு மனதை வருத்துகிறதையும் சேர்த்தே விலக்கியது.

அதற்குப் பிறகு நடந்தவைகளையும் மறைக்க வேண்டாம். 2012 பிப்ரவரி 9-ம் தேதி சென்னைப் பாரிமுனைப் பக்கத்திலுள்ள ஒரு பள்ளியில், உமா மகேஸ்வரி என்ற ஆசிரியை வகுப்பறைக்குள்ளேயே ஒன்பதாம் வகுப்பு மாணவனால் குத்திக் கொல்லப்பட்டார். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் மாதனூர் அரசுப் பள்ளியில், ரெக்கார்ட் நோட்டு எங்கே என்று கேட்ட ஆசிரியரை ஒரு மாணவன் அடிக்கப் பாய்ந்த காட்சி கைபேசி வழியாக ஊரெல்லாம் பரவியது. நம் சபையிலும் ஆசிரியர்மார், ஆசிரியைமார் இருக்கிறார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போனவர்கள் அவர்கள். அவர்களுடைய பயத்தை லேசாக எண்ணிவிடக் கூடாது.

ஆனாலும் பிரம்பு போனதால்தான் மரியாதை போனது என்கிற கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. பிரம்பு கொண்டு வந்தது குனிந்த தலையை. அந்தத் தலைக்குள் என்ன இருந்தது என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. திறந்து காட்டினவர் ஒருவர் உண்டு: மோனிக்கா அம்மையாரின் மகன் அகஸ்டின். நாற்பது வயதைத் தாண்டி, பேராயராக இருந்து தன் அறிக்கை நூலை எழுதும்போது, பள்ளிக்கூடத்தில் வாங்கின அடியை அவர் மறந்திருக்கவில்லை. அடி விழக் கூடாதென்று சின்னப் பிள்ளையாகத் தேவனை நோக்கி ஜெபித்ததையும், அந்தத் தழும்பைப் பார்த்துப் பெரியவர்களும் பெற்றோரும்கூடச் சிரித்ததையும் அதில் எழுதி வைத்தார். கவனியுங்கள், அடியைவிடச் சிரிப்புதான் அவருக்கு அதிகமாக வலித்திருக்கிறது. அதே அகஸ்டின் பின்னாளில் மிலான் நகரத்து அம்புரோஸைப் பற்றி எழுதும்போது, அவரைத் தான் முதலில் நேசித்தது சத்தியத்தைப் போதிக்கிறவர் என்பதற்காக அல்ல, தன்னிடம் தயவாக நடந்துகொண்ட ஒரு மனுஷன் என்பதற்காகத்தான் என்கிறார். உபதேசம் பிறகுதான் உள்ளே போயிற்று.

இனி நம் தேசத்துக்கு வருவோம். சாது சுந்தர்சிங்கைப் பற்றி நம் சபைகளில் பேசாத ஆண்டு இல்லை. காவி அங்கி, திபெத்து, பனிமலை, தரிசனம் எல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1918-ல் அவர் நம் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வந்து கூட்டங்கள் நடத்தினார். அவரோடு பேசிப் பழகி அவரைப் பற்றிப் புத்தகம் எழுதினவர்களில் ஒருவரான ஏ. ஜே. அப்பாசாமி, பாளையங்கோட்டையைச் சேர்ந்த நம் தமிழர், பின்பு கோயம்புத்தூர் பேராயரானவர். இவ்வளவும் தெரிந்திருந்தும், சாதுவின் சாட்சியைச் சொல்லும்போது அவருடைய பள்ளிக்கூடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். எனக்கு அங்கேதான் நிற்கத் தோன்றுகிறது.

1889 செப்டம்பர் 3-ம் தேதி, பஞ்சாபில் லூதியானாவுக்கு அருகே ராம்பூர் என்ற கிராமத்தில், வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் பக்தியுள்ளவர். மகன் ஒரு சாதுவாக வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. ஏழு வயதில் பிள்ளைக்குக் கீதை மனப்பாடம். படிக்க அனுப்பினது கிராமத்திலிருந்த மிஷன் பள்ளிக்கு. அங்கே தினமும் வேதபாட வகுப்பு. "நான் சீக்கியன், எதுக்கு உங்க புஸ்தகத்தை வாசிக்கணும்?" என்கிற நிலையில் பையன் முரண்டு பிடித்தான். வாசித்துத்தான் ஆக வேண்டும் என்பது பள்ளியின் விதி.

பதினான்கு வயதில் தாய் இறந்துபோனார். சீக்கிரத்திலேயே அண்ணன் ஒருவனும் இறந்துபோனான். இந்த இடத்தை மெதுவாக வாசியுங்கள். அதுவரைக்கும் முரண்டு பிடித்த பையன், இதற்குப் பிறகுதான் கல்லை எடுத்தான். பிரசங்கிக்க வந்தவர்கள்மேல் கல்லும் சேறும் எறிந்தான், மற்றப் பையன்களையும் கூட்டம் சேர்த்துக்கொண்டான், வேதப் பகுதிகளைக் கிழித்தான். தாயை எடுத்துக்கொண்ட தேவனிடத்தில் அவனுக்கு ஒரு வழக்கு இருந்தது. ஆனால் கல்லெறிய அந்தத் தேவன் கைக்கு எட்டவில்லை. எட்டினது மிஷன் பள்ளிக்காரர்கள்.

நம் பிள்ளைகளிடத்தில் இப்படிப்பட்டதை நாம் பார்த்ததில்லையா? அப்பா குடிக்கிறார், வீட்டில் சண்டை, ஒருவேளை அம்மா ஊரோடு போய்விட்டாள். அவன் கோபப்படுவது கெமிஸ்ட்ரி மிஸ்ஸிடம். அந்த மிஸ் செய்தது ரெக்கார்ட் நோட்டு கேட்டது ஒன்றுதான். வகுப்பில் வந்து விழுகிற கல் எல்லாம் வகுப்பில் பொறுக்கினதாக இருக்காது. இதைச் சொல்வதால் கல் எறிந்தது சரியென்று ஆகிவிடாது. கல் பட்ட இடத்தில் ரத்தம் ரத்தம்தான்.

சுந்தர் கடைசியில் மிஷன் பள்ளியையே விட்டுவிட்டான். ஏறக்குறைய மூன்று மைல் தள்ளி, சானேவாலில் இருந்த அரசாங்கப் பள்ளிக்குச் சுடுமணலில் நடந்தே போய்ப் படித்தான். பஞ்சாப் வெயில் எப்படிப்பட்டது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். உடம்பு தாங்கவில்லை, காய்ச்சலில் விழுந்தான். வேறு வழியில்லாமல் எந்தப் பள்ளியைக் காறித் துப்பிவிட்டுப் போனானோ அதற்கே திரும்ப வந்தான். பள்ளி அவனைச் சேர்த்துக்கொண்டது.

சாதுவின் வாழ்க்கையில் இதை யாரும் அற்புதம் என்று சொல்வதில்லை. நான் சொல்வேன். திரும்பி வந்த பையன் திருந்தி வந்தவன் அல்ல. உடம்புக்கு முடியாமல் வந்தவன், கோபம் அப்படியே இருந்தது. 1904 டிசம்பர் 16-ம் தேதி, வேதாகமத்தைத் தீயில் போட்டுக் கொளுத்தினது இதற்குப் பிறகுதான். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 18 விடியற்காலையில், சமாதானம் கிடைக்காவிட்டால் ஐந்து மணி ரயிலுக்கு முன்னே தலையை வைத்துவிடுவது என்ற தீர்மானத்தோடு ஜெபித்தவனுக்கு என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அப்படின்னா மாத்தினது கர்த்தர்தானே, பள்ளிக்கூடம் என்ன செஞ்சுது?" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாற்றினவர் கர்த்தர். ஆனால் அந்த ராத்திரியில் தனக்குத் தரிசனமானவர் இன்னார் என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரிந்தது? கிருஷ்ணரோ புத்தரோ வருவார் என்று காத்திருந்ததாக அவரே பின்பு சொன்னார். சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைப் பற்றி முன்பே அவன் காதில் போட்டு வைத்தது அந்த வேதபாட பெஞ்சு. அவன் கிழித்துப் போட்ட பாடத்தை மறுநாளும் நடத்தினவர்கள் அவர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். 2022 மே மாதம், மாதனூர் போன்ற சம்பவங்களுக்குப் பிறகு, ஆசிரியர்களிடம் தகாத முறையில் நடக்கிற மாணவர்களை நிரந்தரமாக நீக்கி, காரணத்தை மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் எழுதுவோம் என்று நம் மாநிலக் கல்வி அமைச்சர் அறிவித்தார். ஆசிரியர்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிற எண்ணம் சரியானது. அடித்த பையன் அடித்ததற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நாள் வெளியே நிற்கட்டும், பெற்றோரோடு வந்து மன்னிப்புக் கேட்கட்டும், குற்றம் பெரிதானால் சட்டம் பார்க்கட்டும். ஆனால் டி.சி.யில் எழுதுவது என்பது வேறு. சானேவாலிலிருந்து காய்ச்சலோடு திரும்பி வந்த பையன் கையில் அப்படி ஒரு டி.சி. இருந்திருந்தால், எந்தப் பள்ளி அவனைச் சேர்த்திருக்கும்? பதினைந்து வயதுப் பிள்ளையின் ஒரு நாளை எடுத்து, அதுதான் அவன் என்று முத்திரை குத்துவது என் மனதுக்கு ஒப்பவில்லை. இதில் என்னோடு உடன்படாத ஆசிரியர்கள் நம் சபையிலேயே இருப்பார்கள். அவர்கள் ஐம்பது பிள்ளைகளோடு நாள் முழுக்க நிற்கிறவர்கள், அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும்.

சரி, மனந்திரும்பின சுந்தர் அதற்குப் பிறகு தலையாட்டுகிற பிள்ளையாக ஆனாரா? இதுதான் எனக்கு மிகவும் ருசியான பகுதி. ஆகவே இல்லை.

வீட்டை விட்டுத் துரத்தினார்கள், விஷம் கலந்த சாப்பாட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். ரோப்பாரில் இருந்த போதகர் குடும்பத்தின் வாசலில் போய் விழுந்து பிழைத்துக்கொண்டார். பிறகு லூதியானாவில் மிஷன் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கிருந்த கிறிஸ்தவப் பையன்களுடைய நடத்தையைப் பார்த்து மனம் நொந்து, நிற்காமல் போய்விட்டார். 1905 செப்டம்பர் 3-ம் தேதி, பதினாறாம் பிறந்த நாளில், சிம்லாவில் ஞானஸ்நானம். பின்பு 1909-ல் லாகூரில் வேத சாஸ்திரக் கல்லூரியில் படிக்கப் போனார். படித்துப் பிரசங்கிக்க உரிமமும் வாங்கினார். ஆனால் குருப்பட்டம் ஏற்றால் இந்த உடைதான், இந்த எல்லைக்குள்தான் ஊழியம் என்று தெரிந்தபோது, பேராயரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாருங்கள், 1904-ல் "மாட்டேன்" என்றார். பிறகும் "மாட்டேன்" என்றார். மாறினது என்ன? முதல் "மாட்டேன்" கல்லோடு வந்தது, தூரத்தில் நின்றுகொண்டு, கூட்டத்துக்கு நடுவில் ஒளிந்துகொண்டு வந்தது. இரண்டாவது நேராக வாசலில் போய், முகத்தைப் பார்த்து, காரணத்தைச் சொல்லி, கையில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்து வந்தது. அந்த "மாட்டேன்" போயிருந்தால் நமக்குச் சாது சுந்தர்சிங் கிடைத்திருக்க மாட்டார். கல் போயிற்று, முதுகெலும்பு போகவில்லை.

லாகூரில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கூடப் படித்தவர்கள் இவரைக் கேலி செய்தார்கள். அதில் முன்னே நின்ற ஒருவன், ஒருநாள் மரத்தடியில் இவர் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கிட்டே போனான். இவர் அவனுக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் அன்றைக்கே நண்பனாகிவிட்டான். கல்லெறிகிறவன் உள்ளே என்ன இருக்கும் என்று இவருக்குத் தெரியாதா? தானே எறிந்தவராயிற்றே.

அதனால்தான், பெற்றோரே, "எதுத்துப் பேசறான்" என்கிற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கட்டிப் போடாதிருங்கள். பிள்ளை கேள்வி கேட்டானா, அவமதித்தானா? "இந்தக் கணக்கு இப்படி ஏன் சார் வராது?" என்று கேட்டதற்கு "அதிகப்பிரசங்கி" என்று பெயர் வாங்கின பிள்ளைகள் எத்தனையோ பேர். நம் ஆண்டவர் பன்னிரண்டு வயதில் எருசலேம் தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து கேட்டதும் கேள்விகள்தான். அவர்கள் அவரை வாயை மூடச் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. பிறகு பெற்றோரோடு நாசரேத்துக்குப் போய் அவர்களுக்கு அடங்கியிருந்தார் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

ஏலியைப் பாருங்கள். மகன்களைக் கண்டிக்காமல் விட்டவர் என்று எத்தனை பிரசங்கத்தில் அவரைக் குத்திக் காட்டியிருக்கிறோம்! ஆனால் சிறுவன் சாமுவேல் ராத்திரியில் கேட்ட வார்த்தையைச் சொல்லப் பயந்து நின்றபோது, அது தன் வீட்டுக்கு விரோதமான வார்த்தையாக இருக்கும் என்று தெரிந்தும், மறைக்காமல் சொல்லு என்று வற்புறுத்திக் கேட்டவர் அதே ஏலிதான். கேட்டுவிட்டுப் பையன்மேல் பாயவில்லை. தன்னைப் பற்றின கசப்பான உண்மையை ஒரு பிள்ளையின் வாயிலிருந்து கேட்டுக்கொள்ளத் தெரிந்த பெரியவர். நம் வீட்டில், நம் பள்ளியில், நம் வாலிபர் கூட்டத்தில் அப்படி யாராவது இருக்கிறார்களா? எபேசு சபைக்குப் பவுல் எழுதினபோது பிள்ளைகளுக்குச் சொன்ன கையோடு தகப்பன்மாருக்கும் ஒரு எச்சரிப்பு வைத்தாரே, குடும்ப ஜெபத்தில் முதல் பகுதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறோமே!

இது பழைய காலத்துச் சரித்திரம் என்று சொல்லாதபடிக்கு, பக்கத்து மாவட்டத்துக் காரியத்தையும் சொல்லுகிறேன். 2018 ஜூன் மாதம், திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் பகவான் என்ற இளம் ஆங்கில ஆசிரியருக்கு மாறுதல் வந்தது. போகவிடாமல் பிள்ளைகள் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். அவரும் அழுதார். பத்து நாள் மாறுதலை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அவர் என்ன மந்திரம் போட்டார்? பாடத்துக்கு வெளியே அவர்களுடைய வீட்டு நிலைமையைக் கேட்டார், எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார், அண்ணனைப் போலப் பழகினார். எல்லா ஆசிரியருக்கும் இப்படி அமைவதில்லை. அமைதியாக நல்லது செய்து, யாரும் கட்டிப் பிடிக்காமலே ஓய்வு பெற்றுப் போகிறவர்கள்தான் அதிகம். கமாலியேலைப் போல நிதானமான குரு வாய்த்தும், சவுல் சபையைப் பாழாக்கத்தானே போனான். விதைத்தது எப்போது முளைக்கும் என்று விதைத்தவனுக்குத் தெரியாது.

சுந்தர்சிங்கின் தகப்பனார் பெயர் ஷேர்சிங். மகனை வீட்டை விட்டு வெளியே தள்ளினவர். மகனோ தகப்பனைப் பற்றிக் கசப்பாகப் பேசிக்கொண்டு திரியவில்லை, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ராம்பூருக்குப் போய் வாசலில் நின்றார். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1919-ல் போனபோது தகப்பனும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு மகன் இங்கிலாந்துக்கு ஊழியத்துக்குப் போக, கப்பல் செலவுக்கு அந்தத் தகப்பனே பணம் கொடுத்து அனுப்பினார்.